ஐந்தாவது ஆட்டத்தன்று சாமத்திய வீடு

மச்சாளின் மகள் பெரிய பிள்ளையான கிழமையே வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வந்துவிட்டன. பனிக்காலம் முடிந்ததும் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு என்கிற பூப்புனித நீராட்டைப் பெரிதாகச் செய்வது என்பது முதலாவது. அந்தச் சாமத்திய வீட்டோடு பிள்ளை கூடைப்பந்து விளையாடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் சொன்னவர் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா. ஜெர்மனியில் எங்கள் அகதி வழக்குக்குக்கூட மேல்முறையீடு இருந்தது. மச்சாளிடம் அந்த வசதி கிடையாது.

மச்சாள் கெட்ட மனுசி அல்ல. சனத்தின் வாய்க்குப் பயந்தவர். "பெரிய பிள்ளையான பிறகும் கட்டைக் காற்சட்டையோடை நாலு பேர் பார்க்க ஓடித் திரிஞ்சால் எங்கடை ஆக்கள் என்ன கதைப்பினம் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். எங்கள் ஆட்கள் எதைப் பற்றித்தான் கதைக்கமாட்டார்கள். "சாமத்திய வீடு வரைக்கும் போகட்டும். அதோடை காணும்" என்று முடித்துவிட்டார்.

பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. மேல்மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கிவந்து, குசினி மேசையில் இருந்து, ஒரு பைக்கற் பிஸ்கற் முழுவதையும் தின்று முடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும். எனக்கும் அப்படித்தான் என்பதால் நானும் கூடத் தின்றேன்.

நாங்கள் அப்போது, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மேற்கு ஜெர்மனியின் ஒரு சின்ன நகரத்தில் இருந்தோம். பெருமையாகச் சொல்ல அங்கே இருந்தவை ஒரு ஆறும், ஆணி செய்யும் தொழிற்சாலையும், நாட்டின் முதல் பிரிவில் ஆடும் கூடைப்பந்து அணியும். ஆற்றைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. நான் ஒரு பேக்கரியில் பாண் விற்றுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் வருகிறவர்கள் மிச்சக் காசை வாங்குவதற்குள் ஆட்டத்தின் ஒரு பாதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். மற்றப் பாதியைப் பின்னால் நிற்கிறவர் சொல்லுவார்.

பிள்ளை அந்தக் கழகத்தின் சிறுமியர் அணியில் ஆடினாள். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. அதில் ஆடுகிற பிள்ளைகள் பெரிய அணியின் ஆட்டங்களை இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் வளர்ந்த ஒருவர் கூட வரவேண்டும். அவளுடைய அப்பாவுக்குச் சனி ஞாயிறுகளில் தொழிற்சாலையில் வேலை. மச்சாளுக்கு வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் இயந்திரங்களின் இரைச்சலே போதும், வெளியில் இன்னொரு இரைச்சல் வேண்டாம். "நீர் சும்மாதானே இருக்கிறீர்" என்று என்னைக் காவலுக்கு அனுப்பினார். கிழமையில் ஆறு நாள் நின்ற நிலையில் பாண் விற்கிறவள் சும்மா இருக்கிறாளாம்.

முதல் நாள் நான் செய்த அட்டகாசத்தைப் பிள்ளை இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் ஊரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் கால் நிற்கவேண்டும். பந்தோடு ஓடக்கூடாது, தட்டித் தட்டிப் போகக்கூடாது, எதிராளியை முட்டக்கூடாது. இங்கே பார்த்தால் ஒருவன் பந்தைத் தரையில் அடித்துக்கொண்டு ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரைக்கும் ஓடுகிறான். பின்னால் வந்தவன் இடுப்பால் இடிக்கிறான். நடுவர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். நான் எழும்பி நின்று, "ஓடுறான், ஓடுறான், உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று சுத்தத் தமிழில் கத்தினேன்.

பிள்ளை என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மாமி, இருங்கோ. இதிலை ஓடலாம்."

"ஓடலாமெண்டால் பிறகென்ன விளையாட்டு?"

"அதுதான் விளையாட்டு. இருங்கோ மாமி, எல்லாரும் பார்க்கினம்."

இடைவேளைக்குள் ஓரளவு விளங்கிவிட்டது. ஆட்டம் முடியும்போது எனக்குத் தொண்டை அடைத்துப்போய்க் குரல் இல்லை. அடுத்த முறை பிள்ளை இறங்கிவர முதலே கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு மாதத்தில் அவள் தாயிடம் போய், "அம்மா, மாமியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேணும்" என்று முறையிட்டாள்.

அந்தப் பனிக்காலத்தில்தான் மண்டபத்துக்கு நாள் எடுக்கவேண்டி வந்தது. ஐயர் தொலைபேசியில் நல்ல நாட்கள் சிலவற்றைச் சொல்லியிருந்தார். தேவாலயத்து மண்டபத்தைப் பார்க்கிறவரிடம் அவற்றில் இரண்டு ஞாயிறுகள் மட்டும் காலியாக இருந்தன. ஒன்று மார்ச்சின் தொடக்கம், மற்றது ஏப்ரலின் கடைசி. குடும்பத்தில் என் ஜெர்மன்தான் தொலைபேசிக்குத் தாங்கும் என்பதால் மச்சாள் அந்த வேலையை என்னிடம் விட்டிருந்தார். "எது வசதியோ அதை எடும்" என்றார். நான் எண்களைச் சுழற்றும்போது பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமி, ஏப்ரலை எடுங்கோ."

ஏன் என்று கேட்கத் தேவையில்லை. ஏப்ரல் என்றால் அத்தனை கிழமைகள் கூட விளையாடலாம். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணையைப் பார்த்தேன். அந்த ஏப்ரல் ஞாயிறுக்கு நேரே ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தது. அரையிறுதி, ஐந்தாவது ஆட்டம், தேவைப்பட்டால் மட்டும்.

அரையிறுதியில் முதலில் மூன்று ஆட்டம் வெல்கிற அணி இறுதிக்குப் போகும். மூன்றிலோ நாலிலோ ஒரு அணி வென்றுவிட்டால் ஐந்தாவது நடக்காது. எங்கள் அணி அப்போது பட்டியலில் மேலே நின்றது. அதற்கு முன் ஒருபோதும் இறுதிக்குப் போனதில்லை என்பதும், அப்படிப்பட்ட அணியை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் நம்புகிற ஆள். "ஆர் வந்தாலும் நாலோடை அனுப்பிப்போடுவாங்கள்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு ஏப்ரலை உறுதிசெய்தேன். தொலைபேசியை வைத்தபோது பெரிய கெட்டிக்காரி மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது முந்தின வருடத்துச் சம்பியன். பெரிய நகரம், பெரிய பணம். அவர்களுடைய மாற்றாட்களின் வாங்கில் சும்மா இருக்கிறவன்கூட எங்கள் அணியில் முதல் ஆளாக ஆடுவான். எங்களிடம் இருந்தது ஒரு நெட்டை அமெரிக்கன், அவனுக்குக் கை கொஞ்சம் அவசரம். ஒரு குள்ளன், இந்த ஊரிலேயே பிறந்தவன், அவனுடைய தாய் என்னிடம்தான் பாண் வாங்குவார். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர்கள். குள்ளன் பந்தை யாருக்குக் கொடுக்கப்போகிறான் என்று கடைசிவரைக்கும் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லமுடியாது. பிள்ளை தன் அணியில் ஆடியதும் அதே இடத்தில்தான்.

முதல் ஆட்டம் எங்கள் ஊரில். சுலபமாக வென்றோம். மறுநாள் கடையில் நான் எல்லாருக்கும் தராசு தாழப் பிஸ்கற் போட்டுக் கொடுத்தேன், முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இரண்டாவது அவர்களுடைய ஊரில். அதை வானொலியில் கேட்டோம். சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுடும் நாட்கள் அவை. எங்கள் குசினி பெரிது என்பதால் வேலை எல்லாம் அங்கேதான். மச்சாள் முறுக்கு உரலோடு ஒரு பக்கம், நான் எண்ணெய்ச் சட்டியோடு அடுப்படியில், ஜன்னல் தட்டில் வானொலி. "உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையும்" என்று மச்சாள் சொல்லுவார். நான் குறைப்பேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கூட்டுவாள். அன்றைக்கு நாங்கள் கேவலமாகத் தோற்றோம், நான் இரண்டு ஈடு முறுக்கைக் கருக்கினேன். கருகியதைத் தின்றுகொண்டே என் கணவர், "அவங்களும் இப்பிடித்தான் கருகினவங்கள்" என்றார். அவர் உணவகக் குசினியில் வேலை செய்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் எண்ணெய் தெறிக்கும்.

அன்று மச்சாள் ஒரு கேள்வி கேட்டார். "ஏன் உவன் நெட்டையனை அடிக்கடி தனிய நிண்டு எறியவிடுகினம்?"

பிள்ளைதான் பதில் சொன்னாள். எதிராளி பிழையாக இடித்தால், இடி வாங்கியவன் கோட்டில் நின்று எறியலாம், ஒருவரும் மறிக்கக்கூடாது. ஒரே ஆள் ஐந்து பிழை விட்டால் வெளியே போகவேண்டும்.

"மறிக்க ஆளில்லாமல் எறியிறதையும் விடுறானோ?" என்றார் மச்சாள். "அப்பிடியெண்டால் அவனுக்கு என்னத்துக்குச் சம்பளம்?" நான் சட்டிப் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

மூன்றாவது ஆட்டம் திரும்ப எங்கள் ஊரில். அந்த மண்டபத்தில் மூவாயிரம் பேர் இருக்கலாம் என்றால் அன்று அதற்கு மேலே இருந்தார்கள். படிகளில்கூட ஆட்கள். எனக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கிற கிழவர் ஒருவர், நான் கொண்டுபோகிற மீன் ரோல்ஸை எதிர்பார்த்து மத்தியானம் சாப்பிடாமலே வருவார். அன்று அவர் அதைக் கையில் வைத்தபடியே மறந்துபோனார். ஒரு அணி நாலு புள்ளி ஏறும், மற்றது பிடிக்கும். கடைசி நிமிடத்தில் சமனாக நின்றது. குள்ளன் பந்தை இடப்பக்கம் கொடுக்கப்போகிறவன்போலக் கையை நீட்டினான். அவர்களுடைய இரண்டு பேர் அங்கே பாய்ந்தார்கள். அவன் கொடுக்கவில்லை, தானே உள்ளே போய்க் கூடையில் வைத்துவிட்டான். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு துள்ளினாள். கிழவர் என்னைக் கட்டிக்கொண்டார், மீன் ரோல்ஸ் என் கோட்டு முதுகில் போனது. கோட்டைக் கழுவ எனக்குக் கொஞ்சமும் கவலையாக இருக்கவில்லை.

இரண்டுக்கு ஒன்று. இன்னும் ஒரு வெற்றி. நான் அந்தக் கிழமை பேக்கரியில் மகாராணி மாதிரி நின்றேன். வியாழக்கிழமை நாலாவது ஆட்டம், அவர்களுடைய ஊரில். அதில் வென்றால் ஞாயிறு முழுவதும் சாமத்திய வீட்டுக்கு.

வியாழன் பயத்தம் பணியாரம் சுட்ட நாள். வானொலிக்குப் பக்கத்தில் பிள்ளை, மேசையில் மாவோடு மச்சாள், வாசலில் சாய்ந்துகொண்டு என் கணவர். ஆட்டம் முழுவதும் நாங்கள் முன்னுக்கு நின்றோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நெட்டையன் ஐந்தாவது பிழையை விட்டு வெளியே போனான். "விசரன்" என்றார் மச்சாள், மாவைக் குழைத்துக்கொண்டே. அதற்குப் பிறகு அவர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னுக்கு நிற்க, அவர்கள் கடைசியாக ஒரு பந்தை எறிந்தார்கள். அது வளையத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு நிற்பதாக அறிவிப்பாளர் சொன்னார். பிறகு அவர்களுடைய சனம் போட்ட சத்தம் மட்டும் வானொலியில் வந்தது.

பிள்ளை மேசையில் தலையை வைத்துவிட்டாள். நான் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். "அப்ப அஞ்சாவது எப்ப?" என்று கேட்டவர் மச்சாள்.

"ஞாயிறு" என்றாள் பிள்ளை, தலையை நிமிர்த்தாமல். "நாலு மணிக்கு."

நான் அன்றே கேட்டுப் பார்த்தேன். சுபநேரம் காலை பதினொன்றரைக்குள் முடிகிறது, ஆலத்தி எடுத்துச் சாப்பாடும் கொடுத்தால் மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும், ஆட்ட மண்டபம் நடக்கும் தூரத்தில்தான், நானும் பிள்ளையும் ஓடிப் போய்விட்டு வருகிறோம் என்று வழக்கறிஞர் மாதிரி அடுக்கினேன். மச்சாள் கையைக் கழுவித் துடைக்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஊர்ச்சனம் எல்லாம் வந்திருக்கேக்கை, பொம்பிளைப் பிள்ளை மேடையிலையிருந்து இறங்கிப் பந்தடி பார்க்கப் போறதோ? நீர் மாமி. பக்கத்திலை நிக்கவேண்டிய ஆள். உமக்கும் விளங்கேல்லையெண்டால் நான் என்ன செய்ய? ஏலாது. ஞாயிறோடை உந்தப் பந்துக் கதை முடிஞ்சுது."

பிள்ளை எழும்பி மேலே போனாள். மார்ச்சை எடுத்திருந்தால் இந்த ஆட்டத்தையாவது பார்த்திருப்பாள். வெள்ளிக்கிழமை அவள் கடைசிப் பயிற்சிக்குப் போய்வந்தாள். இனி வரமாட்டேன் என்று பயிற்சியாளரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொல்ல வாய் வரேல்லை மாமி" என்றாள்.

ஞாயிறு காலை நானும் என் கணவரும் மாமன் மாமி முறைக்கு அவளுக்குப் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தோம். அலங்காரம் செய்கிற பெண் வந்து சடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் பூட்டினாள். சுபநேரத்துக்கு ஆலத்தி எடுத்தோம். அப்போது மண்டபத்தில் இருந்தது நாங்களும் ஐயரும் வீடியோக்காரரும்தான். வந்திருக்கவேண்டிய சனத்தில் முக்கால்வாசியும் இன்னும் பாதையில். எங்கள் ஆட்களை இத்தனை வருடம் தெரிந்த நான், மூன்று மணிக்கு எல்லாம் முடியும் என்று எந்த மூளையோடு சொன்னேனோ தெரியாது. மூன்று மணிக்குத்தான் மண்டபம் நிறைந்தது. கொலோன் நகரத்திலிருந்து வந்தவர்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் அப்பா லீவு எடுத்து நின்று கவனித்த சாப்பாட்டு வரிசை ஒரு பக்கம், மேடையில் ஏறிப் பரிசு கொடுத்துப் படம் எடுக்கிற வரிசை இன்னொரு பக்கம்.

நாலு மணிக்குப் பிள்ளை இரண்டாவது சேலையோடு சிம்மாசனத்தில் இருந்தாள். நான் பக்கத்தில் நின்று பரிசுகளை வாங்கி வைத்தேன். எங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் என் கணவர். தண்ணீர் வார்த்து முடிந்தபிறகு தாய்மாமனை யாரும் தேடுவதில்லை, கதிரை மேசை தூக்கினால் போதும். அவர் வெளியே காருக்குள் இருந்து வானொலி கேட்பார். அடிக்கடி உள்ளே வந்து வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். வலக்கை தூக்கினால் நாங்கள் முன்னுக்கு, இடக்கை என்றால் அவர்கள். எத்தனை புள்ளி என்பது விரலில். சமன் என்றால் இரண்டு கையையும் சேர்க்கவேண்டும்.

முதலில் இடக்கை, எட்டு விரல் தேவைப்பட்டதால் வலக்கையையும் கடன் வாங்கினார். பிள்ளையின் முகம் விழுந்தது. "பிள்ளை, கொஞ்சம் சிரியுங்கோ" என்றார் வீடியோக்காரர். கொஞ்ச நேரத்தில் இடக்கை, மூன்று விரல். பிள்ளை சிரித்தாள். அப்போது படத்துக்கு நின்ற குடும்பம் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பூரித்துப்போய் இன்னொரு படம் எடுத்தது. இடைவேளைக்கு முன் அவர் வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்தார். பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் நாலைந்து பேர் எழும்பி அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். மேடையில் எனக்கும் பிள்ளைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாம் பாதியில் கை மாறிக்கொண்டே இருந்தது. வலக்கை ஒன்று, இடக்கை இரண்டு, வலக்கை ஒன்று. பிள்ளை சேலைத் தலைப்புக்குக் கீழே என் விரல்களைப் பிடித்து நெரித்தாள். பிறகு கன நேரம் அவரைக் காணவில்லை. வந்தபோது இரண்டு கையையும் சேர்த்தார், அப்புறம் ஒரு விரலைக் காற்றில் சுற்றினார். இது நாங்கள் பேசிவைக்காத சைகை. எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு உடனே விளங்கியது. "மேலதிக நேரம்" என்று கிசுகிசுத்தாள்.

அந்தச் சமயம் பார்த்து மச்சாள் மேடைக்கு ஏறிவந்தார். பிள்ளையின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்து, "என்ன, அவன் வாசலிலை நிண்டு கையைக் காலைக் காட்டுறான்?" என்றார். நான் ஒரு பொய்யைத் தேடினேன். பிள்ளை தேடவில்லை.

"சமன் அம்மா. இன்னும் அஞ்சு நிமிசம் ஆடவேணும்."

மச்சாள் நிமிர்ந்தார். சனத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நெட்டையன் உள்ளுக்கு நிக்கிறானோ, இண்டைக்கும் பிழை விட்டு வெளியிலை போட்டானோ?"

கையில் இருந்த பரிசுப் பொதி நழுவப் பார்த்தது. தெரியாது என்றேன். மச்சாள் இறங்கிப் போகவில்லை. நெற்றிச்சுட்டி ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது, அதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு எங்களோடு நின்றார்.

என் கணவர் வந்தார். இந்த முறை கை ஒன்றும் மேலே போகவில்லை. நிறைகுடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஒரே ஒரு கூடையால் தோற்றோம் என்று பிறகு சொன்னார். பிள்ளை உடைந்துபோய் அழுதாள். சத்தம் வரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது, மை கன்னத்தில் வழிந்தது. ஆட்டம் மட்டும் என்றால் அப்படி அழுதிருக்கமாட்டாள். அன்றோடு அவளுக்கு எல்லாம் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

முன்வரிசையில், கொலோனிலிருந்து வந்திருந்த மச்சாளின் ஒன்றுவிட்ட பெரியம்மா இருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு செய்தி புறப்பட்டால் பாரிசுக்கும் இலண்டனுக்கும் தந்தி தேவையில்லை. அவர் எழும்பி மேடைக்கு வந்து பிள்ளையின் நாடியைத் தொட்டார்.

"பார், என்ன அடக்கம். பெரிய பிள்ளையானதை நினைச்சு அழுறாள். இந்த நாட்டிலை வளர்ந்தும் வெக்கம் இருக்குது." மண்டபத்துக்கே கேட்டது. சனம் தலையாட்டியது. வீடியோக்காரர் கிட்டே வந்தார். பெரியம்மா மச்சாளிடம் திரும்பினார். "நீ உவளைக் காற்சட்டையோடை பந்தடிக்க விடுறனியாம் எண்டு கேள்விப்பட்டன். போனது போகட்டும். இனி நிப்பாட்டிப் போடு. நான் சொல்லுறன்."

மாதக்கணக்கில் மச்சாள் எனக்குச் சொல்லிவந்த அதே வார்த்தைகள்தான். ஓம் பெரியம்மா என்று ஒரு சொல் சொன்னால், பிள்ளைக்கும் நல்ல பெயர், தாய்க்கும் நல்ல பெயர். அந்தப் பெயருக்காகத்தானே இவ்வளவு செலவும் அலைச்சலும். ஆனால் மச்சாளை எனக்குத் தெரியும். தான் சொன்னால் அது சட்டம்; அதையே இன்னொருவர் வந்து அவருக்குச் சொன்னால் அது தலையீடு. தேத்தண்ணீரைக் குறைக்கச் சொன்ன வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே பெரிய கோப்பையாக வாங்கியவர் அவர். அவருடைய மூக்கு நுனி சிவந்ததைப் பார்த்தேன்.

"அடக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை பெரியம்மா" என்றார் மச்சாள். "அவளின்ரை ஆக்கள் ஆட்டத்திலை தோத்துப்போச்சினம். ஒரு வருசமா ஓடி ஓடிப் பார்த்தவள். அதுக்குத்தான் அழுறாள்."

பெரியம்மா கையை எடுத்தார். "பந்துக்கோ?"

"ஓம், பந்துக்குத்தான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். வெல்லவேண்டிய ஆட்டம்." பிறகு அதே மூச்சில், "நீங்கள் சாப்பிட்டனீங்களோ? பாயாசம் ஆறப்போகுது, வாங்கோ" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு போனார். அந்த வீடியோ இன்றும் எங்களிடம் இருக்கிறது. அந்த இடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, வாய் பிளந்தபடி தாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்திருக்கிறார்கள்.

சனம் கலைந்தபோது வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. உடை மாற்றுகிற அறையில் நாங்கள் மூன்று பேர். கழுத்துச் சால்வையோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற ரசிகர்கள் ஜன்னல் வழியாகத் தெரிந்தார்கள். பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள், கண் வீங்கியிருந்தது. மச்சாள் அவளுடைய தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் வாயில் கவ்விக்கொண்டார். நான் சேலைகளை மடித்தேன். பெரியம்மாவுக்குச் சொன்னதைப் பற்றி மச்சாளிடம் கேட்கப் பயமாக இருந்தது, கேட்டால் மனம் மாறிவிடுவார்.

மச்சாள் வாயில் இருந்த ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னேர வேலை" என்றார், என்னைப் பாராமல். "பயிற்சிக்கு நீர்தான் இவளைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

ஓம் மச்சாள் என்றேன். அந்த ஊரில் அன்று பின்னேரம் அவ்வளவு சந்தோசமாக இருந்த ரசிகை நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். பிள்ளை கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள், அவளுடைய தோள் திரும்பவும் குலுங்கத் தொடங்கியது.

"ஆடாமல் இரு" என்றார் மச்சாள். "இன்னும் ஊசி கிடக்கு."